அவளுக்கென்று தைத்தது

பதினான்கு வருடம் பெரியவள் கடவுளிடம் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள். கொழுந்தன் பெண்டாட்டி சபைக்கு வரவேண்டும். பதினைந்தாம் வருடம் அவள் வந்தாள். வந்த ஆறாவது வாரம் பெரியவளுக்குத் தெரிந்துவிட்டது, தான் கேட்டது ஒன்று, தனக்கு வேண்டியிருந்தது வேறு.

வேண்டியிருந்தது இவ்வளவுதான். சின்னவள் வந்து கடைசி வரிசையில் உட்கார வேண்டும். உட்கார்ந்து, முன்வரிசையில் இருக்கும் அக்காவைப் பார்க்க வேண்டும்.

சின்னவள் கடைசி வரிசையில் உட்காரவில்லை. அதில் அவள் குற்றம் ஒன்றுமில்லை. அவள் வந்த நேரம், சபையில் வரிசையே இல்லாமல் போயிருந்தது.

வீடு ஒன்று, நடுவில் சுவர் ஒன்று. சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவளும் அவள் புருஷனும். இந்தப் பக்கம் சின்னவள். அவள் புருஷன் தொலைதூர லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் படிப்பு, வேலை என்று வெளியூர் போய்விட்டார்கள். வாசல் பக்கம் சலவைக் கடை. இரண்டு துவைக்கும் இயந்திரம், ஒரு கொதிகலன், பின்முற்றத்தில் ஏழு கொடி, உள்ளே இரண்டு இஸ்திரி மேசை. இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகள் தினமும் வரும். மற்றபடி சட்டைகள், மேசை விரிப்புகள், எப்போதாவது ஒரு கல்யாண உடுப்பு.

பெரியவள் இருபத்திரண்டு வருடமாகத் தேய்க்கிறாள். சட்டைக்கு முதலில் காலர், பிறகு தோள்பட்டி, கைமடிப்பு, கை, கடைசியில் உடம்பு. இந்த வரிசை மாறி அவள் தேய்த்ததில்லை. சின்னவளுக்கு வரிசை கிடையாது. கைக்கு எது அகப்படுகிறதோ அதில் தொடங்குவாள். போதாததற்கு இடது கைக்காரி. அவளுக்காகவே ஒரு மேசையைத் திருப்பிப் போட்டு, மின்வயரை மறுபக்கம் இழுத்துக் கொடுத்திருந்தார் பெரியவளின் புருஷன்.

சபை இரண்டு தெரு தள்ளி. அங்கே பெரியவள் என்றால் ஒரு மரியாதை. போதகரின் அங்கி, மேசைத் துணி எல்லாம் அவள் கையால் துவைத்துத் தேய்த்தது. மாதத்துக்கு ஒருமுறை திருவிருந்துக்கு அப்பம் சுட்டு, தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு சபை முழுக்கச் சுற்றி வருகிறவளும் அவள்தான். இருபது வருடமாக. தவிர, ஜெபம். அவள் எழுந்து கண்ணை மூடினால், வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு ஆமென் சொல்ல வந்துவிடலாம் என்று ஆர்கன்காரர் சொல்லுவார். அதையும் அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

போதகர் போன வருடம் மாற்றலாகி வந்தவர். ஒரு ஞாயிறு ஆராதனை தொடங்கும்முன் மைக்கைக் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"நம்மகிட்ட எல்லாம் இருக்கு. ஸ்பீக்கர் இருக்கு, திரை இருக்கு, ஆண்டு மலர் இருக்கு. பக்கத்து நாற்காலியில இருக்கறவங்களுக்கு என்ன கஷ்டம்னு மட்டும் தெரியாது. ஆறு வாரம் எல்லாரும் ஒண்ணாங்கிளாஸ்ல உக்காருவோம். ஜெபம்னா என்ன, மன்னிப்புன்னா என்ன, அப்பம்னா என்ன. தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு வித்தியாசம் கிடையாது."

"அப்போ நான் எதுக்கு வர்றது?" என்றார் ஆர்கன்காரர்.

"ஜெபம் பண்ண."

"முப்பது வருஷமா அடுத்த பாட்டு எதுன்னு பாக்கவே நேரம் சரியா இருந்துச்சு. சரி, முயற்சி பண்றேன்."

சிரித்துக்கொண்டே எல்லாரும் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டார்கள். பெரியவளும் சிரித்தாள். அடிப்படை என்று வந்துவிட்டால் தன்னைவிட யாருக்குத் தெரியும்?

முதல் வாரம் ஜெபம். அவரவர் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும் என்றார் போதகர். பெரியவள் எழுந்தாள். உலகத் தலைவர்களில் தொடங்கி, வியாதிக்காரர்கள், விதவைகள், பிரயாணிகள் வழியாக வந்து சேர்ந்தபோது கால் மணி ஆகியிருந்தது. போதகர் தலைகுனிந்து கடைசிவரை கேட்டார். பிறகு சின்னவளைப் பார்த்தார்.

சின்னவள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, கண்ணை மூடாமல், தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"சாமி, காலைல கோவத்துல ஒரு கிண்ணத்தப் போட்டு உடைச்சேன். அவர் பத்து நாளா போன் பண்ணல. அந்தக் கோவம். நீங்க பாத்துருப்பீங்க. அவர் எங்க இருக்காருன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. அவ்ளோதான்."

யாரும் ஆமென் சொல்லவில்லை. சபையில் வெகுநாளாக இருக்கும் தையல் டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் சின்னவளைச் சுற்றிக்கொண்டார்கள். எத்தனை நாள் போகும் அந்த லாரி, எந்த ரோடு, சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று கேள்விமேல் கேள்வி. ஆர்கன்காரர்கூட வந்து, "இப்படிப் பண்ணலாம்னு யாரும் எங்கிட்டச் சொல்லவே இல்லம்மா" என்றார்.

பெரியவள் மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். ஓரம் நேராக வரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது பேச்சை எடுத்தாள்.

"சாமிகிட்ட கிண்ணம் உடைச்சதயெல்லாமா சொல்லுவாங்க?"

"தப்பாக்கா?"

"தப்புன்னு சொல்லல. ஒரு மரியாத வேணும்ல."

"எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல."

"எந்தக் கிண்ணம்?"

சின்னவள் நடையைக் குறைத்தாள். "உங்க வெள்ளக் கிண்ணம்தான். போன வாரம் சூப் குடுத்து விட்டீங்களே, அது."

கிண்ணம் போனது பெரியவளுக்கு வலிக்கவில்லை. உடைந்த கிண்ணம் தன்னுடையது, கிடைத்த பேர் அவளுடையது. அதுதான் உறுத்தியது.

அதன் பிறகு எதைப் பார்த்தாலும் உறுத்தியது. கூட்டத்துக்குப் பிறகு சின்னவள் பக்கத்து நாற்காலிக்குப் போட்டி நடந்தது. தையல் டீச்சர் அவளைச் சாப்பிடக் கூப்பிட்டாள். இருபது வருடத்தில் பெரியவளை அவள் கூப்பிட்டதில்லை. பெரியவள் வீட்டில் டீச்சர் சாப்பிட்டிருக்கிறாள், அது வேறு. ஆர்கன்காரர் சின்னவள் சொன்னதை மூன்று பேரிடம் திருப்பிச் சொன்னார். "நேத்து வந்தவள இப்படித் தலைல தூக்கி வெச்சு ஆடுனா எங்க போய் நிக்கும்?" என்று பெரியவள் புருஷனிடம் கேட்டாள். அவர் கொதிகலனின் அடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீதானே வரணும்னு கேட்ட?"

"நான் கேட்டது அவ வரணும்னு."

"வந்துட்டா."

"ஆமா, வந்துட்டா!"

ஐந்தாம் வாரம் போதகர் அறிவித்தார். ஆறாம் ஞாயிறு சின்னவளுக்கு ஞானஸ்நானம், அதைத் தொடர்ந்து திருவிருந்து. உடனே தையல் டீச்சர் ஒரு பொட்டலத்தை அவிழ்த்தாள். உள்ளே வெள்ளை அங்கி. புதுசு. சபையில் முழுக்குக்கு இறங்கும் பெண்களுக்கென்று ஒரு பொது அங்கி உண்டு. பெரியவளும் அதைப் போட்டுத்தான் இறங்கினாள். அவளுக்கு அப்போது முழங்கால்வரைதான் எட்டியது. இது சின்னவளுக்கென்று அளவெடுத்துத் தைத்தது. பெண்கள் எட்டுப் பேர் சேர்ந்து துணி எடுத்திருந்தார்கள். பெரியவளை யாரும் கேட்கவில்லை. அவளிடமிருந்து மறைக்கவும் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். அது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு போதகர் அவள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, இருபது வருஷமா நீங்க தட்டத் தூக்குறீங்க. இந்தத் தடவ புதுசா முங்கி எழுந்தவங்க தூக்கட்டுமே. நீங்க உக்காந்து வாங்கிக்குங்க."

"ரொம்ப சந்தோஷம் பாஸ்டர்," என்றாள் பெரியவள். முகம் கறுத்தது அவளுக்கே தெரிந்தது. குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் தேடினாள்.

அந்த வாரம் நாலு நாள் விடாமல் மழை. கொடியில் எதுவும் காயவில்லை. விடுதிக்காரர்கள் போன்மேல் போன். ஈர விரிப்புகள் கூடை கூடையாகச் சேர்ந்து கடையெங்கும் புழுங்கிய வாடை. வியாழக்கிழமை பத்து மணிக்கு வெயில் அடித்தது. மூன்று பேரும் ஓடி ஓடிக் கொடியை நிரப்பினார்கள். மதியம் ரொட்டியும் அவித்த முட்டையும் நின்றபடி தின்றார்கள். அதற்குப் பிறகு சின்னவள் தன் மேசையில் அங்கியை விரித்தாள். துவைத்து வைத்திருந்தது. ஞாயிறுக்குத் தேய்க்க வேண்டும்.

"சூட்டக் குறைச்சு வை. பாதிதான் பருத்தி நூலு, மீதி பாலியஸ்டர்," என்றாள் பெரியவள்.

"குறைச்சுட்டேன்க்கா."

உள்ளே சின்னவளின் போன் அடித்தது. லாரிக்காரன் எப்போதாவதுதான் கூப்பிடுவான். சின்னவள் இஸ்திரிப் பெட்டியை அதன் பின்புறத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினாள். பெரியவள் அதைப் பார்த்தாள். நன்றாக நிமிர்த்தித்தான் வைத்தாள்.

சுவருக்கு அப்பால் சின்னவள் சிரிக்கும் சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கிழமைங்க... ஆமா, எனக்குன்னே தைச்சிருக்காங்க... நான்தான் தட்டத் தூக்கப்போறேன்..."

பெரியவள் எழுந்து போனாள். அங்கியின் நெஞ்சுப் பகுதி சுருக்கமில்லாமல் கிடந்தது. கழுத்தோரம் சின்னதாக ஒரு பூ வேலை. ஒரு கையால் சூட்டுத் திருகை முழுசாகத் திருப்பினாள். மறு கையால் பெட்டியை எடுத்து அங்கியின்மேல் படுக்க வைத்தாள். அழுத்தவில்லை. வெறுமனே வைத்தாள். பிறகு பின்முற்றத்துக்குப் போய்க் காய்ந்த விரிப்பு ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். ஏழு விரிப்பு உருவினாள்.

வாடை முதலில் அவள் புருஷனுக்குத்தான் எட்டியது. ஓடி வந்து பெட்டியைத் தூக்கினார். துணி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நெஞ்சின்மேல் பெட்டி வடிவத்தில் ஒரு பழுப்புத் தழும்பு, நடுவில் கருப்பு.

சின்னவள் போனைக் காதில் வைத்தபடியே வந்து நின்றாள். போனில் அவள் புருஷன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் நிமித்தி வெச்சேனே," என்றாள். "இந்தக் கையாலதான் நிமித்தி வெச்சேன்."

"அவசரத்துல மறந்துருப்ப," என்றாள் பெரியவள். தோளில் ஏழு விரிப்பு கனத்தது.

"இல்லக்கா. சூட்டக் கூடக் குறைச்சேன்."

பெரியவளின் புருஷன் திருகைப் பார்த்தார். முழுச் சூடு. மின்சாரத்தை நிறுத்தினார். எரிந்த அங்கி மேசையில் எப்படிக் கிடந்ததோ அதை ஒருமுறை பார்த்தார். பிறகு பெரியவளைப் பார்த்தார். பிறகு கொதிகலன் பக்கம் போய்விட்டார்.

ஞாயிறுக்கு ஆயத்தமாக வெள்ளிக்கிழமை மாலையும் வட்டம் கூடியது. போதகர் திருவிருந்தைப் பற்றிப் பேசினார். அடிப்படையில் அது ஒரு சாப்பாட்டு மேசை, பேசிக்கொள்ளாத இரண்டு பேர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் சாப்பாடு இறங்காது, ஆகவே யாருக்கு யாரோடு என்ன இருந்தாலும் ஞாயிறுக்குள் போய் முடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

சின்னவள் எழுந்தாள். இந்த முறை எழுந்துதான் பேசினாள்.

"அந்த அங்கிய எரிச்சிட்டேன். எட்டுப் பேரு எனக்குன்னு எடுத்தது. எல்லாரும் மன்னிச்சிருங்க." பெரியவளிடம் திரும்பினாள். "அக்கா, நீங்க சூட்டக் குறைன்னு சொன்னீங்க. கடையே பத்தி எரிஞ்சிருக்கும். மன்னிச்சிருங்கக்கா."

வந்து பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

எல்லாரும் பெரியவளையே பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். என்ன சொல்லப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"பரவால்ல," என்றாள். "மன்னிச்சிட்டேன்."

தையல் டீச்சர் கண்ணைத் துடைத்தாள். "என்ன ஒரு தாழ்மை பாருங்க," என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். சின்னவளைத்தான் சொன்னாள்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. அந்த அழுகை தன்னுடையது. அந்த மன்னிப்பும், அந்தத் தாழ்மையும் தான் எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டியவை. செய்தது தான், அதற்கு அழுது பேர் வாங்குகிறவள் அவள். கையைப் பிடித்திருந்த கையை உதறிவிடத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது.

சனிக்கிழமை காலை சின்னவள் கடைக்கு வந்தபோது வலது கையின் புறத்தில் பேனாவால் எழுதியிருந்தாள். 'பெட்டி. அடுப்பு. குழாய். கதவு.'

"என்னடி இது?"

"மறக்காம இருக்க." சின்னவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எங்கம்மாவுக்கு இப்படித்தான்க்கா ஆரம்பிச்சுது. அடுப்ப நிறுத்திட்டேன்னு சத்தியம் பண்ணுவாங்க. போய்ப் பாத்தா எரியும். அப்புறம் எங்க பேரெல்லாம் மறந்துச்சு. அவங்களுக்கு அப்போ அம்பது. எனக்கு நாப்பத்தேழு."

"ஒரு தடவ மறந்ததுக்கு..."

"மறந்தா பரவால்லக்கா. நிமித்தி வெச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. கண்ணு முன்னால நிக்குது. நடக்காதது ஞாபகம் இருக்குன்னா என்ன அர்த்தம்?" முந்தானையை இன்னும் இழுத்துவிட்டாள். "நேத்து ராத்திரி அடுப்பு திருகுல கைய வெச்சுக்கிட்டே நின்னேன். நிறுத்திட்டேனான்னு எனக்கே நம்பிக்கை வரல. திங்கக்கிழம டாக்டர்கிட்ட தலைய ஸ்கேன் எடுக்கப்போறேன். பாஸ்டருக்குச் சொல்லிட்டேன், நாளைக்கு ஞானஸ்நானம் வேண்டாம்னு."

"ஏன்?"

"தண்ணில இறங்கி நான் நம்புறேன்னு சொல்லணும்ல? என் தலையையே நம்ப முடியலையே, நான் சொல்றது என்ன பேச்சு?"

அவள் உள்ளே விரிப்புக் கூடையை எடுக்கப் போனாள். பெரியவள் அங்கேயே நின்றாள். புருஷன் சட்டைகளுக்கு எண் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல் பேசினார்.

"இடது கைக்காரி பெட்டிய வெச்சா மூக்கு வலது பக்கம் பாக்கும். அன்னைக்கு இடது பக்கம் பாத்துட்டு இருந்துச்சு."

பெரியவள் அவர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கே தெரியுமா?"

"தூக்குனவன் நான்தானே."

"ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு பாத்தேன்." ஒரு சட்டைக்கு எண் கட்டி முடித்தார். "நீ சொல்லலேன்னா நானும் சொல்ல மாட்டேன். இத்தன வருஷம் சேந்து இருந்தாச்சு, உன் பொய்யும் என் பொய்யாயிடும். அதான் எனக்குப் பயமா இருக்கு."

விடுதிக்குப் பன்னிரண்டு மணிக்கு அறுபது விரிப்பு போக வேண்டும். விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு இழுத்து உதறி, நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது முகத்துக்கு முகம் ஒரு சாண்தான் இருக்கும். ஒருத்தி முனைகளை வாங்கிக்கொள்வாள், மற்றவள் குனிந்து மடிப்பைப் பிடித்துப் பின்னால் போவாள். மறுபடி நடந்து வருவாள்.

முதல் விரிப்பில் பெரியவள் சொல்ல நினைத்தாள். கிட்டே வந்தபோது சின்னவளின் கண் வீங்கியிருந்தது தெரிந்தது. சொல்லவில்லை. இரண்டாவதில் சொல்ல நினைத்தாள். விரிப்பில் ஒரு கறை இருந்தது, அதைப் பேசினார்கள். இருபதுவரை எண்ணிக்கொண்டே வந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. கடவுளிடம் கால் மணி நேரம் பேசத் தெரிந்தவளுக்கு ஒரு சாண் தூரத்தில் ஒரு வார்த்தை வரவில்லை.

இருபத்தொன்றாவது விரிப்பில், உதறுவதற்கு முன்னால், முழு நீளத்துக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொன்னாள்.

"நீ நிமித்தித்தான் வெச்ச."

"என்னது?"

"பெட்டிய. நீ நிமித்தித்தான் வெச்ச. சூட்டையும் குறைச்சுத்தான் வெச்ச. நான் ஏத்தி, நான் படுக்க வெச்சேன்."

சின்னவள் விரிப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"நான் நிமித்தி வெச்சேனா?"

"ஆமா."

"நிஜமா நிமித்தி வெச்சேனா?"

"என் கண்ணால பாத்தேன்."

"அப்போ என் தலைல ஒண்ணும் இல்லையா?"

"உன் தலைல ஒண்ணும் இல்ல."

சின்னவள் ஒரு பெருமூச்சு விட்டாள். முகம் கொஞ்சம் மலர்ந்தது, கிட்டத்தட்டச் சிரித்தாள். பிறகுதான் மீதி அவளுக்கு எட்டியது. கையை விட்டாள். துவைத்த விரிப்பு தரையில் விழுந்தது.

"ஏன்?"

"பொறாம."

"எம்மேலயா?" சுற்றும் முற்றும் பார்த்தாள், வேறு யாராவது நிற்கிறார்களா என்பதுபோல. "என்கிட்ட என்ன இருக்கு? புருஷன் ரோட்டுல இருக்கான். பத்து வரி சேந்தாப்புல படிக்க வராது. எதப் பாத்துப் பொறாம?"

"எல்லாரும் உன்னையே..." பெரியவளால் முடிக்க முடியவில்லை. "தட்டு. அங்கி. நீ ஜெபம் பண்றது."

"ஜெபமா?" சின்னவளின் குரல் உயர்ந்தது. "பதினாலு வருஷம் உங்க ஜெபத்தச் சுவத்துக்கு இந்தப் பக்கம் படுத்துக்கிட்டுக் கேட்டேன். 'அந்த இருட்டுல கிடக்கறவள', 'அந்தக் கடினப்பட்டவள'ன்னு. லைட்டப் போட்டுட்டுத்தான் படுத்துருப்பேன்! அப்பல்லாம் எரிஞ்சது எனக்கு. நான் உங்க துணிய எரிச்சேனா?"

பெரியவள் தரையில் கிடந்த விரிப்பைப் பார்த்தாள்.

"மூணு நாளுக்கா. மூணு நாள் எங்கம்மா மாதிரி ஆயிடுவேன்னு செத்துச் செத்துப் பொழைச்சேன். அத்தன பேர் முன்னால உங்க கையப் பிடிச்சு அழுதேன். 'மன்னிச்சிட்டேன்'ன்னு சொன்னீங்களே! எப்படிக்கா வாய் வந்துச்சு?"

"தெரியல."

"மன்னிச்சிடுன்னு கேட்றாதீங்க. இப்பக் கேட்டா இல்லன்னு சொல்லிருவேன்."

முன்கட்டில் கூடைகளுக்கு நடுவே நின்றிருந்த பெரியவளின் புருஷனைப் பார்த்தாள். "உங்களுக்கும் தெரியுமாண்ணே?" அவர் கையில் இருந்த சட்டையைக் கீழே வைத்தார். அவள் தன் வீட்டுப் பக்கம் போய்க் கதவைச் சாத்தினாள். மீதி முப்பத்தொன்பது விரிப்பைப் புருஷனும் பெண்டாட்டியும் மடித்தார்கள். கீழே விழுந்தது மறுபடி துவைக்கப் போனது. அவருக்கு மடிக்கத் தெரியாது. ஓரங்கள் கோணலாக இருந்தன. விடுதிக்காரன் திட்டினான். அவள் கேட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் அப்பத்துக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். மாவில் கை வைக்க முடியவில்லை.

"நீங்க பிசைங்க," என்றாள்.

"எனக்கெங்க தெரியும்?"

"நான் சொல்றேன். தண்ணிய மெதுவா ஊத்துங்க. இவ்ளோ இல்ல. ஐயோ, போதும்."

அவர் சலவைத் துணியைக் கசக்குவதுபோல் கசக்கினார். அப்பம் பலகை மாதிரி வந்தது. இன்னொன்று சுட மாவு இல்லை.

ஞாயிறு காலை வட்டத்தில் சின்னவளின் நாற்காலி காலியாக இருந்தது. முழுக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்பாமல் விட்டிருந்தார்கள். போதகர் தொடங்கினார். முதல் பாட்டு பாதியில் இருக்கும்போது சின்னவள் வந்தாள். கையில் ஒரு பை. அதிலிருந்து பழைய பொது அங்கியின் ஓரம் எட்டிப் பார்த்தது. அதைத் துவைத்துத் தேய்த்திருந்தாள். நேரே போதகரிடம் போய் ஏதோ சொன்னாள். அவர் தொட்டிக் குழாயைத் திறந்துவிடச் சொன்னார். பெரியவளை அவள் பார்க்கவில்லை.

தண்ணீர் நிறையும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிறைந்துவிட்டால் தன்னால் பேச முடியாது என்று பெரியவளுக்குத் தோன்றியது. எழுந்தாள். ஆர்கன்காரர் பழக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"புது அங்கிய எரிச்சது நான்," என்றாள். "அவ இல்ல. அவ பெட்டிய ஒழுங்காத்தான் வெச்சிருந்தா. பொறாமையில நான் செஞ்சேன். வெள்ளிக்கிழம அவ உங்க முன்னால அழுதப்போ, நான் மன்னிச்ச மாதிரி நின்னேன். அதுவும் பொய்."

உட்கார்ந்தாள். தாழ்மை என்று யாரும் சொல்லவில்லை. தையல் டீச்சரின் வாய் இறுகியது. அந்தப் பூ வேலை செய்ய அவளுக்கு நாலு நாள் ஆகியிருந்தது. யாரோ நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். ஆர்கன்காரர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போதகர் ஏதாவது சொல்லுவார் என்று பெரியவள் காத்திருந்தாள். அவர் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தொட்டி நிறைந்தது.

சின்னவள் முழங்கால்வரை எட்டிய அங்கியோடு இறங்கினாள். நம்புகிறாயா என்று போதகர் கேட்டார். "நம்புறேன்," என்றாள், சத்தமாக. முங்கி எழுந்து இருமினாள். மூக்கில் தண்ணீர் போய்விட்டது. ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

பிறகு தட்டு. போதகர் அப்பத்தைப் பிட்கப் பார்த்தார். வரவில்லை. முட்டியை ஊன்றி உடைத்தார். சின்னவள் தோளில் துவாலையோடு தட்டைத் தூக்கிக்கொண்டு வட்டத்தைச் சுற்றினாள். ஒவ்வொருவராக எடுத்தார்கள். கடித்து மெல்லும் சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. பெரியவளின் புருஷன் எடுத்துக்கொண்டு தலைகுனிந்தார்.

தட்டு பெரியவளுக்கு முன்னால் வந்து நின்றது. சின்னவளின் முடியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"எனக்கு வேணாம்," என்றாள் பெரியவள் மெதுவாக. "அடுத்தவங்களுக்குக் குடு."

"எனக்கு இன்னும் கோவம் போகல," என்றாள் சின்னவள், அதே மெதுவான குரலில்.

"தெரியும்."

"நாளைக்கும் போகாது."

"சரி."

"அதுக்கும் இதுக்கும் என்ன? எடுங்க. கை வலிக்குது."

பெரியவள் கையை நீட்டினாள். இருபது வருடம் அந்தத் தட்டைத் தூக்கியவளுக்கு, அதிலிருந்து எப்படி எடுப்பது என்று சட்டென்று பிடிபடவில்லை. விரல்கள் தட்டின் விளிம்பிலேயே நின்றன. சின்னவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, ஒரு துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டு, அடுத்த நாற்காலிக்குப் போனாள்.